பேக்டெஸ்ட் சாஃப்ட்வேரும் மார்க்கெட் டேட்டாவும் எப்படித் தேர்ந்தெடுக்கறது: என்எஸ்இ டிரேடர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பேக்டெஸ்ட் பண்ண, அதாவது எப்ப வாங்கணும் எப்ப விக்கணும்ங்கற நம்ம ரூல்கள் (சிஸ்டம்) பழைய மார்க்கெட் டேட்டால எப்படி ஓடிருக்கும்னு சோதிக்க, எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேக்கறவங்கதான் அதிகம், எந்த டேட்டாவ வச்சு பண்ணப்போறோம்னு யோசிக்கறவங்க ரொம்பக் கம்மி. உண்மையில வரிசை இதுக்கு நேர் எதிர். முதல்ல என்ன மாதிரி சிஸ்டம்னு முடிவு பண்ணணும், அதுக்கு என்ன டேட்டா தேவைன்னு பாக்கணும், அந்த டேட்டாவ நாமளே சோதிச்சுப் பாக்கணும், அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் சாஃப்ட்வேர் பக்கமே போகணும். டேட்டால ஓட்டை இருந்தா லட்ச ரூபா சாஃப்ட்வேரும் அந்த ஓட்டையத்தான் லாபம்னு காட்டும், நாமளும் அதை நம்பி நிஜக் காச இறக்குவோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2024 செப்டம்பர்ல பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வுல, 2022 நிதியாண்டுலேர்ந்து 2024 நிதியாண்டு வரைக்கும் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேலன்னு வந்துச்சு. சிஸ்டம் வச்சு டிரேட் பண்றவங்களுக்கு இதுலேர்ந்து தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கு, ஆனா டெஸ்ட் உண்மையா இருந்தாத்தான்.

படி 1: எதை டெஸ்ட் பண்ணப்போறீங்க?

ஒரு நோட்டுல எழுதிருங்க. தினசரி குளோஸிங் விலைய வச்சு ஸ்டாக் வாங்கி வாரக்கணக்குல வைக்கிற சிஸ்டமா, 5 நிமிஷ கேண்டில்ல (அந்த 5 நிமிஷத்தோட ஓப்பன், ஹை, லோ, குளோஸ் விலை) அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கற இன்ட்ராடேவா, இல்ல நிஃப்டி வீக்லி ஆப்ஷன் விக்கிறதா? இந்த மூணுக்கும் தேவையான டேட்டா வேற, செலவு வேற, சாஃப்ட்வேரும் வேற. முதல் வகைக்கு கிட்டத்தட்ட சும்மாவே டேட்டா கிடைக்கும், ரெண்டாவதுக்கு கொஞ்சம் காசு ஆகும், மூணாவதுக்கு நல்ல டேட்டா கிடைக்கறதே கஷ்டம். புதுசா ஆரம்பிக்கறவங்க மூணாவதுலேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க, அது எனக்கு எப்பவுமே வருத்தம்தான். முடிஞ்சா முதல் வகையில ஆரம்பிங்க, டேட்டாவ எப்படி சந்தேகப்படணும்னு அங்கதான் பழகிக்க முடியும்.

படி 2: தினசரி டேட்டா

என்எஸ்இ தினமும் சாயங்காலம் பாவ்காப்பின்னு ஒரு ஃபைல் போடும், அன்னைக்கு டிரேட் ஆன எல்லா ஸ்டாக்கோட ஓப்பன், ஹை, லோ, குளோஸ், வால்யூம் எல்லாம் அதுல இருக்கும், இலவசம். இதவிட நம்பகமான மூலம் கிடையாது. யாரு டேட்டா வித்தாலும் கடைசில இதோடதான் ஒப்பிட்டுப் பாக்கணும். ஒரு விஷயம், 2024 ஜூலைல ஃபைல் ஃபார்மேட்டே மாறிருச்சு, காலம் (நெடுவரிசை) பேரெல்லாம் வேற, அதனால பழைய ஸ்க்ரிப்ட் எதையாவது எடுத்து ஓட்டினா அந்தத் தேதியோட நின்னுரும்.

அந்த ஃபைல்ல சீரிஸ்னு ஒரு காலம் இருக்கும். நெறைய பேரு இக்யூன்னு இருக்கறத மட்டும் வடிகட்டி எடுப்பாங்க. ஆனா ஒரு ஸ்டாக்க எக்ஸ்சேஞ்ச் டிரேட்-டு-டிரேட்ல (அன்னைக்கே வாங்கி விக்க முடியாத, டெலிவரி மட்டும் நடக்கற பிரிவு) போட்டா அது பிஇ சீரிஸுக்குப் போயிரும், நீங்க இக்யூ மட்டும் எடுத்தா அத்தனை மாசமும் அந்த ஸ்டாக் டேட்டாலேர்ந்து காணாமப் போயிரும், திரும்பி வரும்போது விலை எங்கயோ இருக்கும், சிஸ்டம் அத ஒரே நாள்ல விலை தாவின கேப்னு நெனச்சுக்கும். ரெண்டையும் சேத்து எடுங்க.

அடுத்தது ஸ்ப்ளிட் (ஒரு ஷேர பல ஷேரா உடைக்கறது), போனஸ் (இருக்கற ஷேருக்கு இலவசமா கூடுதல் ஷேர் தர்றது). ரெண்டுலயும் ஷேர் எண்ணிக்கை கூடி விலை அதே அளவுல குறையும். பாவ்காப்பில இருக்கறது அன்னைக்கு நடந்த அசல் விலை, பழைய விலைய அதுக்கேத்த மாதிரி சுருக்கற அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் இருக்காது. 2024 அக்டோபர் 28 ரிலையன்ஸ் 1:1 போனஸ், முந்தின டிரேடிங் நாள்ல 2,600 சொச்சத்துல முடிஞ்ச ஸ்டாக் அன்னைக்கு 1,300 சொச்சத்துல திறந்துச்சு. அட்ஜஸ்ட் பண்ணாத டேட்டால உங்க ஸ்டாப்லாஸ் (இவ்வளவு விழுந்தா வித்துருன்னு வைக்கிற விலை) அடிச்சு பாதிப் பணம் போன மாதிரி காட்டும். பஜாஜ் ஃபைனான்ஸ் இன்னும் நல்ல உதாரணம், 2025 ஜூன் 16 ஸ்ப்ளிட்டும் 4:1 போனஸும் ஒரே நாள்ல, 9,300 சொச்சம் 930 சொச்சம் ஆச்சு. ரெண்டுல ஒண்ண மட்டும் அட்ஜஸ்ட் பண்ணின டேட்டா செட் இருந்தா இங்க பளிச்சுனு தெரிஞ்சுரும்.

அப்ப எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சுதான்னா, அதுவும் இல்ல. 50 ரூபாய்க்குக் கீழ இருக்கற ஸ்டாக் வேண்டாம்னு ஒரு ரூல் வச்சிருக்கீங்கன்னு வைங்க. அட்ஜஸ்ட் பண்ணின டேட்டால பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு நல்ல ஸ்டாக் 20 ரூபான்னு காட்டும், ஆனா அன்னைக்கு ஸ்க்ரீன்ல அது 400 ரூபாயா இருந்திருக்கும், பின்னாடி நடக்கப்போற போனஸ் ஸ்ப்ளிட்டெல்லாம் சேந்து அந்த விலைய சுருக்கிருச்சு. அதாவது எதிர்காலத்துல நடந்த ஒண்ணு உங்க பழைய முடிவுக்குள்ள நுழைஞ்சிருச்சு. அதனால அசல் விலை ஒரு காலம், அட்ஜஸ்ட் பண்ணின விலை ஒரு காலம்னு ரெண்டையும் வச்சுக்கணும், விலை ஃபில்டருக்கும் ஆப்ஷன் ஸ்ட்ரைக் (ஆப்ஷன்ல பேசி வச்ச விலை) கணக்குக்கும் அசல் விலை, இண்டிகேட்டருக்கும் ரிட்டர்னுக்கும் அட்ஜஸ்ட் பண்ணினது. டேட்டா விக்கறவங்க ரெண்டும் தருவாங்களான்னு கேளுங்க, இந்தக் கேள்விக்கு அவங்க பதில் சொல்ற விதத்துலயே பாதி தெரிஞ்சுரும்.

டீமெர்ஜர், அதாவது ஒரு கம்பெனிலேர்ந்து இன்னொண்ண தனியாப் பிரிக்கறது, இன்னும் சிக்கல். 2023 ஜூலை 20 ரிலையன்ஸ்லேர்ந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிஞ்சப்ப ஸ்பெஷல் ப்ரீ-ஓப்பன் ஏலம் நடத்தி விலை கண்டுபிடிச்சாங்க, 2,841.85ல முடிஞ்ச ரிலையன்ஸ் 2,580க்கு வந்துச்சு, வித்தியாசம் 261.85 ஜியோ ஃபைனான்ஷியலோட விலை. முதலீட்டாளருக்கு நஷ்டம் இல்ல, ஆனா சார்ட்ல பெரிய கேப். சில இடத்துல அட்ஜஸ்ட் பண்ணிருப்பாங்க, சில இடத்துல பண்ணிருக்க மாட்டாங்க, எதுவா இருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பேரு மாறறதும் இருக்கு. ஸொமேட்டோ 2025 ஏப்ரல்ல எடர்னல்ங்கற சிம்பலுக்கு மாறிருச்சு, பழைய சிம்பல்ல பாதி சரித்திரம் புது சிம்பல்ல மீதின்னு ரெண்டா உடைஞ்சு கிடக்கும். ஐஎஸ்ஐஎன் (ஒவ்வொரு பங்குக்கும் குடுக்கற அடையாள எண்) நம்பர வச்சு இணைக்கலாம்னு தோணும், ஆனா முகமதிப்பு ஸ்ப்ளிட் ஆனா அந்த நம்பரும் மாறும். என்எஸ்இயே சிம்பல் மாற்றத்துக்கு ஒரு லிஸ்ட் ஃபைல் தருது, அதையும் சேத்து இறக்கி வச்சு ஒவ்வொரு கம்பெனிக்கும் உங்களுக்குள்ள ஒரு நிரந்தர நம்பர் குடுத்துருங்க.

இப்ப எல்லாத்தவிட முக்கியமானது, செத்துப்போன ஸ்டாக்குகள். இன்னைக்கு இருக்கற நிஃப்டி 500 லிஸ்ட எடுத்து 2008லேர்ந்து ஓட்டினா கிட்டத்தட்ட எந்த சிஸ்டமும் லாபம் காட்டும், ஏன்னா அந்த லிஸ்ட்டே ஜெயிச்சவங்க லிஸ்ட். 2008ல நிஃப்டி 50க்குள்ள இருந்தது யாருன்னு பாருங்க, சத்யம், யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் இருந்தாங்க. 2009 ஜனவரி 7 சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குல மோசடி பண்ணினத ஒத்துக்கிட்ட கடிதம் வெளிய வந்த ஒரே நாள்ல சத்யம் முக்கால்வாசிக்கு மேல விழுந்துச்சு. அதுக்குப் பதிலா நிஃப்டிக்குள்ள வந்த ரிலையன்ஸ் கேப்பிட்டல் கதையும் பின்னாடி திவால் நடவடிக்கைலதான் போய் முடிஞ்சுது. இதெல்லாம் இல்லாத டேட்டால மொமென்டம் சிஸ்டம் (ஏறிட்டு இருக்கற ஸ்டாக்க வாங்கறது) டெஸ்ட் பண்ணா அந்த அடி எதுவுமே உங்க கணக்குல விழாது. பாவ்காப்பில இருந்தே டேட்டாபேஸ் கட்டினா டீலிஸ்ட் ஆகி எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து போன ஸ்டாக்கும் தானா உள்ள இருக்கும், அதுக்காகவே நான் பாவ்காப்பிய சிபாரிசு பண்றேன். இண்டெக்ஸ்ல எந்தத் தேதில யாரு இருந்தாங்கன்னு தெரியணும்னா என்எஸ்இ இண்டிசஸ் ஒவ்வொரு மாத்தத்துக்கும் செய்திக்குறிப்பு போடறாங்க, அத உக்காந்து தொகுக்கணும். வேலைதான். அது முடியலன்னா இண்டெக்ஸ் லிஸ்ட்ட விட்டுட்டு, அந்தந்த மாசம் டர்ன்ஓவர்ல முதல் 200 ஸ்டாக்னு நீங்களே ஒரு ரூல் போட்டுக்கலாம், பாவ்காப்பில இருந்தே கணக்கு வந்துரும், எதிர்காலமும் உள்ள நுழையாது.

படி 3: இன்ட்ராடே டேட்டா

காலைல 9.15லேர்ந்து 3.30 வரைக்கும் 375 நிமிஷம். அதிகமா டிரேட் ஆகற ஸ்டாக்கோ நிஃப்டி ஃப்யூச்சரோ எடுத்தா ஒரு நாளைக்கு 375 ஒரு-நிமிஷ கேண்டில் இருக்கணும், அஞ்சு நிமிஷம்னா 75. டேட்டா கைக்கு வந்ததும் முதல் வேலை, தேதிவாரியா கேண்டில எண்ணுங்க. 375 இல்லாத நாளெல்லாம் தனியா ஒரு லிஸ்ட் போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கான்னு பாருங்க. ரொம்பப் பழைய டேட்டான்னா மார்க்கெட் நேரமே வேற, 2010 ஜனவரி 4க்கு முன்னாடி 9.55க்குத்தான் திறக்கும், 9.15 வந்தது 2010 அக்டோபர் 18 ப்ரீ-ஓப்பன் ஆரம்பிச்சப்புறம்.

டைம்ஸ்டாம்ப் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. 9.15லேர்ந்து 9.20 வரைக்கும் உள்ள கேண்டிலுக்கு ஒருத்தர் 9.15ன்னு பேரு வைப்பார், இன்னொருத்தர் 9.20ன்னு வைப்பார். நீங்க ஆரம்ப நேரம் போட்ட டேட்டாவ முடிவு நேரம்னு நெனச்சு கோட் எழுதினா, 9.15க்கே 9.20 வரைக்கும் நடந்ததெல்லாம் உங்க சிஸ்டத்துக்குத் தெரிஞ்சுரும். அஞ்சு நிமிஷ எதிர்காலம் கைல இருந்தா யாருதான் ஜெயிக்க மாட்டாங்க. ரெண்டு மூலத்துலேர்ந்து எடுத்து இணைக்கும்போது, இல்ல 5 நிமிஷத்தையும் 15 நிமிஷத்தையும் ஒண்ணா பயன்படுத்தும்போதுதான் இது அதிகமா நடக்கும். முதல் கேண்டில் 9.15ன்னு இருந்தா ஆரம்ப நேரம், கடைசி கேண்டில் 3.30ன்னு இருந்தா முடிவு நேரம், இவ்வளவுதான் சோதனை. யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கற டேட்டான்னா 3.45ன்னு ஆரம்பிக்கும், ஐஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்.

இன்னொண்ணு நெறைய பேருக்குத் தெரியாது. பாவ்காப்பில இருக்கற குளோஸ் கடைசி டிரேட் விலை கிடையாது, என்எஸ்இ இதுவரைக்கும் பின்பற்றி வந்த முறைப்படி 3.00லேர்ந்து 3.30 வரைக்கும் நடந்த டிரேடுகளோட வால்யூம் சராசரி அது. அதனால ஒரு-நிமிஷ டேட்டாவோட கடைசி கேண்டில் குளோஸும் தினசரி குளோஸும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகலன்னு டேட்டா தப்புன்னு தூக்கிப் போட்டுராதீங்க. ஆனா உங்க சிஸ்டம் குளோஸ்ல வாங்கறேன்னு சொன்னா அந்த விலைக்கு நிஜத்துல ஆர்டர் போட முடியாதுங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க. மறுநாள் ஓப்பன்ல வாங்கற மாதிரி டெஸ்ட் பண்றதுதான் நேர்மை. அந்த ஓப்பனும் ப்ரீ-ஓப்பன் ஏலத்துல முடிவாகற விலை, 9.15 கேண்டிலோட ஓப்பன்லேர்ந்து கொஞ்சம் தள்ளி இருக்கலாம்.

புரோக்கர் ஏபிஐ (உங்க புரோகிராம் புரோக்கரோட பேசற வழி) வெப்சாக்கெட்ல, அதாவது நேரடி ஃபீட்ல, வர்றது ஒவ்வொரு டிக்கும் (ஒவ்வொரு விலை மாற்றமும்) இல்ல, நொடிக்கு சில தடவ எடுக்கற ஸ்னாப்ஷாட்தான். அதுலேர்ந்து கேண்டில் கட்டினா ஹை லோ கொஞ்சம் விட்டுப்போகும். 15 நிமிஷ சிஸ்டத்துக்கு இது பெரிய விஷயமில்ல, ரெண்டு புள்ளி ஸ்டாப்லாஸ் வைக்கிற ஸ்கால்ப்பிங்குக்கு இதுவே எல்லாம். ரெண்டு புரோக்கர் சார்ட்ல ஹை வேற வேற காட்டுதேன்னு சண்டை போடறவங்களுக்கு இதுதான் பதில்.

அப்புறம் நிஃப்டி ஸ்பாட்ல (இண்டெக்ஸ் விலை) டெஸ்ட் பண்ணிட்டு ஃப்யூச்சர்ல டிரேட் பண்ணாதீங்க. ஃப்யூச்சர்னா மாசாமாசம் ரோல் ஆகும், அதாவது முடியற கான்ட்ராக்ட்லேர்ந்து அடுத்ததுக்கு மாறணும், பழைய கான்ட்ராக்ட்டுக்கும் புதுசுக்கும் நடுவுல விலை வித்தியாசம் இருக்கும், கன்டினியுவஸ் ஃப்யூச்சர்னு விக்கற டேட்டால எந்த நாள் ரோல் பண்ணிருக்காங்க, வித்தியாசத்த சரி பண்ணிருக்காங்களா இல்ல அப்படியே ஒட்டிருக்காங்களான்னு கேட்டே ஆகணும்.

படி 4: ஆப்ஷன் டேட்டா

முடிஞ்சுபோன கான்ட்ராக்ட் டேட்டா எல்லா புரோக்கர் ஏபிஐலயும் கிடைக்காது, எக்ஸ்பைரி ஆனதும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவாங்க, டோக்கன் நம்பர வேற கான்ட்ராக்ட்டுக்கு மறுபடி குடுக்கறதும் உண்டு. அதனால ஒண்ணு காசு குடுத்து வாங்கணும், இல்ல இன்னைலேர்ந்து தினமும் நீங்களே சேமிக்கணும்.

டேட்டா இருந்தாலும் விதிமுறை மாத்தங்கள் உள்ள வரணும். நிஃப்டி வீக்லி ஆப்ஷனே 2019 பிப்ரவரிலதான் வந்துச்சு. எக்ஸ்பைரி வியாழன்லேர்ந்து செவ்வாய்க்கு மாறினது 2025 செப்டம்பர். பேங்க் நிஃப்டி வீக்லி 2023 செப்டம்பர்ல புதனுக்குப் போச்சு, 2024 நவம்பரோட நின்னே போச்சு. வியாழக்கிழமைன்னா எக்ஸ்பைரின்னு கோட்ல எழுதி வச்சிருந்தா எல்லாமே தப்பு, லீவு நாள் வந்தா முதல் நாளே எக்ஸ்பைரி ஆகறத வேற பாக்கணும். எக்ஸ்பைரி தேதிய கான்ட்ராக்ட் ஃபைல்லேர்ந்து படிங்க, கிழமைய வச்சு கணக்குப் போடாதீங்க. லாட் சைஸும் (ஒரு கான்ட்ராக்ட்ல எத்தனை யூனிட்டுங்கறது) அப்படித்தான், நிஃப்டி 75லேர்ந்து 50, 2024 ஏப்ரல்ல 25, அதே வருஷம் நவம்பர்ல மறுபடி 75, 2026 ஜனவரிலேர்ந்து 65.

ஒரு-நிமிஷ ஆப்ஷன் கேண்டில்ல இருக்கறது நடந்த டிரேடோட விலை மட்டும்தான், அந்த நேரத்துல பிட் (வாங்கறவர் கேக்கற விலை) எவ்வளவு ஆஸ்க் (விக்கறவர் சொல்ற விலை) எவ்வளவுன்னு தெரியாது. ஏடிஎம், அதாவது இப்போதைய இண்டெக்ஸ் விலைய ஒட்டின ஸ்ட்ரைக், பக்கத்துல பரவால்ல, தூரத்து ஸ்ட்ரைக்ல கடைசி டிரேட் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி நடந்திருக்கும், சாஃப்ட்வேர் அந்த விலைக்கே உங்க ஆர்டர் நிறைவேறினதா ஃபில் குடுத்துரும். வால்யூம் ஜீரோவா இருக்கற கேண்டில்ல டிரேட் எடுக்காதன்னு ஒரு ரூல் கண்டிப்பா போடுங்க.

படி 5: டேட்டாவுக்கு ஒரு பரீட்சை

காசு கட்டறதுக்கு முன்னாடி டிரையலோ சாம்பிளோ கேளுங்க. குறிப்பா இந்தத் தேதிகளக் கேளுங்க, என்ன நடந்துச்சுன்னு நமக்கு நல்லாத் தெரிஞ்ச நாளுங்க:

2012 அக்டோபர் 5. ஒரு புரோக்கர் கிட்டேர்ந்து தப்பான ஆர்டர் போயி நிஃப்டி கிட்டத்தட்ட 900 புள்ளி சரிஞ்சு திரும்பி வந்துச்சு. டேட்டால அன்னைக்கு லோ 4,888 பக்கத்துல இருக்கணும். அத சுத்தம் பண்றோம்னு அழிச்சிருந்தாங்கன்னா வேற என்னத்தையெல்லாம் அழிச்சாங்கன்னு தெரியாது.

2020 மார்ச் 13, மார்ச் 23. ரெண்டு நாளும் லோயர் சர்க்யூட் (இண்டெக்ஸ் குறிப்பிட்ட அளவு விழுந்தா டிரேடிங்க நிறுத்தற வரம்பு) அடிச்சு மார்க்கெட் 45 நிமிஷம் நின்னுச்சு. அந்த நேரத்துல கேண்டில் இருந்தா அது கற்பனை டேட்டா, முந்தின விலைய அப்படியே இழுத்து நிரப்பிருக்காங்கன்னு அர்த்தம்.

2021 பிப்ரவரி 24. என்எஸ்இல டெக்னிக்கல் கோளாறு, 11.40க்கு நின்னது 3.45க்குத்தான் மறுபடி ஆரம்பிச்சு 5 மணி வரைக்கும் ஓடுச்சு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. நடுவுல ஓட்டையும் இருக்கணும், 3.45க்கு அப்புறம் டேட்டாவும் இருக்கணும். 3.30க்கு மேல இருக்கறதெல்லாம் வெட்டற ஸ்க்ரிப்ட் வச்சிருக்கறவங்க இங்க மாட்டிக்குவாங்க.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை, பட்ஜெட்டுக்காக முழு நாள் மார்க்கெட் நடந்துச்சு. 2025 அக்டோபர் 21 முஹூர்த் டிரேடிங் (தீபாவளிக்கு நடக்கற சிறப்பு டிரேடிங் நேரம்), வழக்கமான சாயங்காலம் இல்லாம மதியம் 1.45லேர்ந்து 2.45 வரைக்கும். சனி ஞாயிற தானா தூக்கிப் போடற கோடு இருந்தா முதல் நாளே காணாமப் போயிருக்கும்.

இதுகூட ரிலையன்ஸ் ரெண்டு தேதியும் பஜாஜ் ஃபைனான்ஸ் தேதியும் சேத்துக்கோங்க. ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஆனா எந்த விளம்பரமும் சொல்லாதத இந்த ஒரு மணி நேரம் சொல்லிரும். கூடவே ஏதாவது ஒரு மாசத்த எடுத்து பாவ்காப்பியோட ஹை லோவ ஒப்பிடுங்க, இன்ட்ராடேலேர்ந்து கட்டின ஹை பாவ்காப்பி ஹையவிட எப்பவும் அதிகமா இருக்கக்கூடாது, இருந்தா தப்பு டிக் உள்ள இருக்கு.

படி 6: எங்க வாங்கறது

தினசரிக்கு பாவ்காப்பி போதும். யாஹூ ஃபைனான்ஸ்லேர்ந்து பைத்தான்ல இறக்கறது பழகறதுக்கு சுலபம், ஆனா டீலிஸ்ட் ஆனது கிடைக்காது, ஒரு-நிமிஷ டேட்டாவும் சமீபத்திய சில நாளுக்குத்தான் தரும். இன்ட்ராடேக்கு உங்க புரோக்கர் ஏபிஐலேர்ந்தே பல வருஷ ஹிஸ்டாரிக்கல் கிடைக்கும், சிலது இலவசம், சிலதுக்கு மாசக் கட்டணம், ஒரு தடவைக்கு இத்தனை நாள்னு லிமிட் இருக்கும், துண்டு துண்டா இறக்கிச் சேக்கணும். நேரடி ஃபீடும் வேணும், சாஃப்ட்வேர்ல பிளக்இன்னும் வேணும்னா ட்ரூடேட்டா, குளோபல் டேட்டாஃபீட்ஸ் மாதிரி எக்ஸ்சேஞ்ச் அனுமதி வாங்கின வெண்டர்கள் இருக்காங்க. அசல் டிக் டேட்டா என்எஸ்இயோட துணை நிறுவனமான என்எஸ்இ டேட்டா அண்ட் அனலிட்டிக்ஸ்லயே வாங்கலாம், விலையும் அளவும் பெருசு, தேவைப்பட்டா மட்டும்.

டெலிகிராம்ல சில நூறு ரூபாய்க்கு பத்து வருஷ ஆப்ஷன் டேட்டான்னு லிங்க் வரும், தொடாதீங்க. எங்கேர்ந்து எடுத்தது, எப்படி நிரப்பினதுன்னு யாருகிட்டயும் கேக்க முடியாது.

வாங்கினத எப்படி வைக்கிறதுன்னா, வந்த ஃபைல அப்படியே ஒரு ஃபோல்டர்ல, அதத் தொடவே கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் கணக்கு தனி ஃபைல். அட்ஜஸ்ட் பண்ணின டேட்டா எப்ப வேணும்னாலும் அந்த ரெண்டுலேர்ந்தும் திருப்பி உருவாக்கிக்கலாம்.

படி 7: இப்ப சாஃப்ட்வேர்

டிரேடிங்வியூ. அதோட சொந்த கோடிங் மொழியான பைன் ஸ்க்ரிப்ட் கத்துக்க சுலபம், சார்ட்ல டிரேட் எங்க எடுத்துச்சுன்னு கண்ணால பாக்கலாம், ஒரு ஐடியா தேறுமா தேறாதான்னு அரை நாள்ல தெரிஞ்சுரும். ஆனா ஒரு ஸ்ட்ராட்டஜி ஒரு சிம்பல்லதான் ஓடும், 200 ஸ்டாக்லேர்ந்து பத்த தேர்ந்தெடுக்கற போர்ட்ஃபோலியோ சிஸ்டத்துக்கு இது ஆகாது. கேண்டில் எண்ணிக்கைக்கும் பிளான வச்சு லிமிட் உண்டு, இலவசத்துல 5,000, அஞ்சு நிமிஷ சார்ட்ல ஒரு நாளைக்கு 75ன்னா வெறும் 66 நாள், பிரீமியத்துல 20,000ன்னாலும் ஒரு வருஷம்தான். அதுக்கு மேல போகணும்னா உயர்ந்த பிளான்ல இருக்கற டீப் பேக்டெஸ்டிங் வேணும். விலைய சராசரி பண்ணியோ கட்டமா மாத்தியோ வரையற ஹைக்கின் ஆஷி, ரென்கோ சார்ட்ல ஸ்ட்ராட்டஜி ஓட்டினா அந்த செயற்கை விலைக்கே டிரேட் நடந்ததா கணக்குப் போடும், நிஜ விலைக்கு ஃபில் பண்ணுன்னு செட்டிங்ல மாத்தணும். யூடியூப்ல 90 சதவீத வெற்றின்னு காட்டறதுல இதத்தான் முதல்ல பாக்கணும். பெரிய டைம்ஃப்ரேம் டேட்டாவ இழுக்கும்போது லுக்அஹெட் ஆன்னு இருந்தா அதுவும் எதிர்காலம்தான்.

அமிப்ரோக்கர். தினசரி ஸ்டாக் சிஸ்டத்துக்கு என்னோட முதல் தேர்வு இதுதான். விண்டோஸ்ல மட்டும் ஓடும், முகம் பழசா இருக்கும், ஆனா வேகம் அசாத்தியம், ஆயிரம் ஸ்டாக்க பல வருஷத்துக்கு ஓட்டினாலும் அவ்வளவு நேரம் எடுக்காது. போர்ட்ஃபோலியோ லெவல்ல காசு எவ்வளவு, ஒரே நாள்ல இருபது சிக்னல் வந்தா எதுக்கு முன்னுரிமைங்கறதெல்லாம் சரியா பாக்கும், வாக்-ஃபார்வர்ட் (ஒரு காலத்துல அமைச்சத அடுத்த காலத்துல சோதிக்கறது), மான்டே கார்லோ (டிரேட் வரிசையக் கலைச்சுப் போட்டுப் பாக்கறது) ரெண்டும் உள்ளயே இருக்கு. ஜிக்-ஜாக் மாதிரி எதிர்காலத்தப் பாக்கற ஃபங்ஷன் உங்க கோட்ல இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்ற செக் வசதியும் உண்டு, அத ஓட்டாம எந்த ரிசல்ட்டையும் நம்பாதீங்க. கிராக் வெர்ஷன் வேண்டாம், அதே கம்ப்யூட்டர்லதான் உங்க டிரேடிங் பாஸ்வேர்டும் இருக்கு.

பைத்தான். கோட் தெரிஞ்சவங்களுக்கு எல்லை கிடையாது. ஒரு சிம்பல்ல சின்ன ஐடியா பாக்க பேக்டெஸ்டிங் டாட் பிஒய், ஆயிரக்கணக்கான பாராமீட்டர வேகமா ஓட்ட வெக்டர்பிடி, ஒவ்வொரு கேண்டிலா நடக்கற மாதிரி எழுத பேக்டிரேடர். பேக்டிரேடர்ல புது வேலை பெருசா நடக்கறதில்ல, ஆனா பயன்படுத்தலாம். இன்னொரு பைத்தான் லைப்ரரியான ஜிப்லைன உருவாக்கின குவாண்டோபியன் 2020ல மூடிட்டாங்க, இப்ப ஜிப்லைன்-ரீலோடட்ங்கற பேர்ல ஓடுது. இலவச சாஃப்ட்வேர் எடுக்கும்போது கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு பாக்கறது கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கையப் பாக்கறதவிட முக்கியம்.

ஆப்ஷனுக்கு கோட் இல்லாம பண்ணணும்னா ஆல்கோடெஸ்ட், ஸ்டாக்மாக் மாதிரி தளங்கள் டேட்டாவோட சேத்தே தருது, கால், புட் ரெண்டையும் சேத்து எடுக்கற ஸ்ட்ராடில் ஸ்ட்ராங்கிள் டெஸ்ட்டுக்கு வசதிதான். டேட்டாவ வெளிய எடுத்துப் பாக்க முடியாதுங்கறதால, படி 5ல சொன்ன மாதிரி தெரிஞ்ச தேதில ஒரு டிரேட் ஓட்டி, வந்த விலைய வேற இடத்துல இருக்கற ஆப்ஷன் சார்ட்டோட ஒப்பிடுங்க.

எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: ஒரே கேண்டில்ல டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் ரெண்டும் அடிச்சா எது முதல்ல அடிச்சதா எடுத்துக்கும்? டிரேடிங்வியூ சாதாரண மோடுல ஓப்பன் ஹைக்குப் பக்கத்துல இருந்தா ஹை முதல்ல, லோவுக்குப் பக்கத்துல இருந்தா லோ முதல்லன்னு ஊகிக்கும். ஊகம்தான். டார்கெட்டும் ஸ்டாப்பும் சின்னதா இருக்கற சிஸ்டத்துல இந்த ஊகம் மட்டுமே லாப நஷ்டத்தத் தீர்மானிச்சுரும், அப்ப சின்ன டைம்ஃப்ரேம் டேட்டாவ வச்சு சரிபாருங்க, முடியலன்னா எப்பவும் ஸ்டாப்தான் முதல்லன்னு வச்சுக்கோங்க.

படி 8: செலவ உள்ள போடுங்க

சாஃப்ட்வேர்ல கமிஷன் ஒரு கட்டமா இருந்தா போதாது, வாங்கறதுக்கு வேற விக்கறதுக்கு வேற, தேதிய வச்சு வேறன்னு போட முடியணும். 2025ல இருந்த கட்டணத்த வச்சு ஒரு கணக்கு பாருங்க. நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட், 75, நூறு ரூபாய்க்கு வாங்கி 102க்கு விக்கறீங்க. லாபம் 150 ரூபா. புரோக்கரேஜ் ரெண்டு பக்கம் 40, விக்கும்போது எஸ்டிடி (பங்கு பரிவர்த்தனை வரி) 0.1 சதவீதம் 7.65, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 5.30 சொச்சம், ஜிஎஸ்டி 8 சொச்சம், ஸ்டாம்ப் சில்லறை. மொத்தம் 61 ரூபா போச்சு. ஸ்லிப்பேஜ், அதாவது நெனச்ச விலைக்கும் கிடைச்ச விலைக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்துக்கு அரை ரூபான்னு வச்சா இன்னொரு 75. கைல நிக்கறது 14 ரூபா. செலவே போடாத டெஸ்ட்ல இதே டிரேட் 150 ரூபா லாபம்னு பச்சைல காட்டும். எஸ்டிடியும் நிலையா இருக்கறதில்ல, ஆப்ஷனுக்கு 2023 ஏப்ரல்ல 0.0625 சதவீதம், 2024 அக்டோபர்ல 0.1 சதவீதம்னு ஏறிச்சு. பழைய வருஷத்துக்கும் இன்னைக்கு இருக்கற ரேட்டப் போட்டுப் பாருங்க, ஏன்னா நீங்க இனிமேதான் டிரேட் பண்ணப்போறீங்க.

ஸ்டாக் சிஸ்டத்துல சர்க்யூட்ட மறக்காதீங்க. எஃப் அண்ட் ஓல இல்லாத ஸ்டாக்குக்கு 2, 5, 10, 20 சதவீதம்னு ஒரு நாள்ல விலை நகரக்கூடிய பேண்ட் இருக்கு. திறந்ததுலேர்ந்தே அப்பர் சர்க்யூட்ல பூட்டின நாள்ல ஓப்பன், ஹை, லோ, குளோஸ் நாலும் ஒரே விலையா இருக்கும், அன்னைக்கு உங்களுக்கு வாங்கக் கிடைக்காது, லோயர் சர்க்யூட்ல விக்க முடியாது. நாலும் ஒண்ணா இருந்தா டிரேட் இல்லன்னு ரெண்டு வரி கோட் போட்டா ஸ்மால்கேப் சிஸ்டத்தோட ரிசல்ட் எவ்வளவு மாறுதுன்னு நீங்களே பாருங்க.

படி 9: சாஃப்ட்வேரையும் சோதிங்க

மாசத்தோட முதல் நாள் ஓப்பன்ல வாங்கி கடைசி நாள் ஓப்பன்ல விக்கற மாதிரி ஒரு எளிய சிஸ்டம் எழுதி, பத்து டிரேட எக்செல்ல கையால கணக்குப் போட்டு, சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டோட பைசா வரைக்கும் ஒப்பிடுங்க. அடுத்து, ராண்டமா நுழைஞ்சு ராண்டமா வெளிய வர்ற இன்ட்ராடே சிஸ்டம் ஒண்ணு ஓட்டுங்க, பல தடவ ஓட்டினா சராசரியா செலவு அளவுக்கு நஷ்டம் வரணும். லாபம் வந்தா எங்கயோ எதிர்காலம் கசியுது. கடைசியா உங்க சொந்த சிஸ்டத்தோட சிக்னல ஒரே ஒரு கேண்டில் தள்ளிப் போட்டு ஓட்டுங்க. தினசரி டிரெண்ட் சிஸ்டம் ஒரு நாள் தாமதத்துல கொஞ்சம் குறையலாம், மொத்தமா இடிஞ்சு விழுந்தா லாபம் முழுக்க அந்த ஒரு கேண்டில்ல ஒளிஞ்சிருந்துச்சுன்னு அர்த்தம், டைம்ஸ்டாம்ப்லேர்ந்து மறுபடி பாருங்க.

நேரடியா ஏபிஐ வழியா ஓட்டப்போறீங்கன்னா, செபி 2025 பிப்ரவரில ரீடெயில் ஆல்கோவுக்கு (தனிநபர்கள் தானியங்கியா ஆர்டர் போடறது) சுற்றறிக்கை போட்டிருக்கு, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வேணும், நொடிக்கு எத்தனை ஆர்டர்ங்கற வரம்பத் தாண்டினா பதிவு வேணும், உங்க புரோக்கர்கிட்ட விவரம் வாங்கிக்கோங்க. ஆரம்பத்துல ஒரு லாட், இல்ல கொஞ்சம் ஷேர் மட்டும் போட்டு ஓட்டுங்க. ஒவ்வொரு டிரேடுக்கும் பேக்டெஸ்ட் சொன்ன விலை, நிஜமா கிடைச்ச விலை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்னு மூணு காலம் எழுதிட்டு வாங்க. மாசம் முடிஞ்சதும் அந்த மாசத்து டேட்டாவ இறக்கி அதே சிஸ்டத்த மறுபடி பேக்டெஸ்ட் பண்ணுங்க. நீங்க எடுத்த டிரேடும் அது காட்டற டிரேடும் ஒண்ணா இருக்கணும். பேக்டெஸ்ட்ல வந்து நீங்க எடுக்காத டிரேடும், நீங்க எடுத்து அதுல இல்லாத டிரேடும் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் காரணம் கண்டுபிடிச்சுட்டு அப்புறமா லாட்ட ஏத்துங்க.